மயக்கமும் மீட்சியும்: ஒருநாட் சத்திர சிகிச்சையின் வரலாறு

சத்திர சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் 1846 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆம் நாளைப் பெருநாளாகக் கொள்வர். அன்றுதான் பொஸ்ரன் நகர வைத்தியசாலையொன்றில் வில்லியம் மோட்டன் ஈதர் ஆவியால் நோயாளியொருவரை நோவறியாது கிடக்கச் செய்தார். அது மனிதரைத் துயிற்றிய வரலாறு. துயிற்றியவரை அன்றே எழுப்பி வீடு சேர்த்த வரலாறு பிறிதொன்று. அதுவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

அவ்வரலாற்றின் வித்து மோட்டனுக்கும் முற்பட்டது. 1844 டிசெம்பர் 11 இல், ஹார்ட்போட் நகரப் பல் வைத்தியர் ஹொறேஸ் வெல்ஸ் நைதரசு ஒட்சைட்டை நுகர்ந்து தம் பல்லையே பிடுங்குவித்தார். அவ்வாயு விரைவில் உடலை விட்டு நீங்குவதாதலின் அவர் சிறிது நேரத்தில் தெளிந்தெழுந்தார். ஈதரோ மெல்ல நீங்குவது. தெளிந்த பின்னும் குமட்டலும் வாந்தியும் தொடரும். பெருஞ் சிகிச்சைகள் பெருகவே, நாட்பல படுக்கையிற் கிடத்தல் வழக்காயிற்று.

கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கல், சிறுவர்க்கு வெளிநோயாளராகவே 8,988 சிகிச்சைகள் செய்தமையை 1909 இல் வெளியிட்டார். வளர்ந்தோர் பொருட்டு முயன்றவருள் முதன்மையானவர் மயக்க மருந்து வைத்தியரான றால்ப் வாற்றர்ஸ். அயோவா மாநிலத்துச் சூ சிற்றி நகரில் அவர் நடத்திய நிலையத்தைப் பற்றி 1919 இல் எழுதினார். ஆங்குச் சிகிச்சை அறையை அடுத்து, நோயாளி தெளியும்வரை படுத்திருக்க ஒரு கட்டிலும் இருந்தது. அக்கட்டிலே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். 1970 இல் பீனிக்ஸ் நகரில் வாலஸ் றீட், ஜோன் போட் என்னும் மயக்க மருந்து வைத்தியர் இருவர் இதனைத் தனி நிலையமாக விரித்தனர்.

மருந்துகளும் துணைபுரிந்தன. 1934 இல் வழக்கிற்கு வந்த தயோபென்ரோன் விரைவில் துயிற்றினும், மீண்டும் மீண்டும் செலுத்தின் உடலிற் தேங்கித் தெளிவைத் தாமதிப்பிக்கும். 1986 இல் பிரித்தானியாவில் வழங்கத் தொடங்கிய புறொப்போபோல் இக்குறையைப் பெரிதும் நீக்கியது, வாந்தியையும் குறைத்தது.

எனினும் மருந்து மட்டும் போதாது. மூச்சு, இரத்த ஓட்டம், அறிவுத் தெளிவு முதலிய ஐந்தினையும் மதிப்பிட்டுப் பத்துப் புள்ளியிடும் முறையை அல்ட்றெற்றே 1970 இல் வகுத்தார். இன்று நோயாளியைத் தனியே அனுப்புவதில்லை. பொறுப்புள்ள ஒருவர் உடன்செல்லல் வேண்டும். மறுநாள்வரை வாகனம் செலுத்தலும் ஆகாது.

இதன் உட்பொருள் யாது? தாதியர் கண்விழித்த இரவை இப்பொழுது தாயோ மனைவியோ மகனோ கண்விழிக்கின்றனர். மிச்சமாகிய படுக்கைகளை எண்ணுவோர் அவ்விழிப்பையும் எண்ணுதல் வேண்டும். காப்பாரில்லாத வீட்டிற்குச் செல்வோர்க்கு வைத்தியசாலைக் கட்டிலை மறுத்தல் முன்னேற்றமாகாது. துயிற்றுவோனின் கடன், துயின்றவர் நலமே விழித்து, நலமே வீடு சேரும்வரை நீள்வது என்பதே இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்தும் பாடமாகும்.