தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் போக்குவரத்துப் பராமரிப்பின் வரலாறு

சாலை, பாலம், இருப்புப்பாதை, பேருந்து ஆகியவை ஒரு வட்டாரத்தின் பொதுச் சொத்துகள். இவற்றின் தற்போதைய நிலையை அளந்து, எஞ்சிய ஆயுளைக் கணித்து, எதற்கு எப்போது எவ்வளவு செலவிட வேண்டும் என்று திட்டமிடுவது சொத்து மேலாண்மை எனப்படும். மக்களுக்குக் கிடைக்கும் பயனை அளவுகோலாகக் கொண்டு அந்த முடிவுகளை எடுப்பது செயல்திறன் சார்ந்த திட்டமிடல். இச்சொற்கள் புதியவை. இவற்றின் பின்னுள்ள சிக்கல்கள் திருநெல்வேலிக்குப் பழையவை. கட்டுவதற்குக் கிடைக்கும் பணமும் கவனமும் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது அவற்றுள் முதன்மையானது.

படகுத்துறையும் பாலமும்

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. ஆற்றின் ஒரு கரையில் திருநெல்வேலியும் மறுகரையில் பாளையங்கோட்டையும் அமைந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இரண்டுக்கும் இடையே பாலம் இல்லை. கொக்கிரகுளம் பகுதியில் படகில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் அதுவும் நின்றுவிடும்.

ஆட்சியர் ஈ. பி. தாம்சன் காலத்தில் பாலம் கட்டும் முயற்சி தொடங்கியது. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய தளவாய் சுலோசன முதலியார் பாலத்துக்கான செலவை ஏற்றுக்கொண்டார். அது ஏறத்தாழ 50,000 ரூபாய் என்று குறிப்பிடப்படுகிறது. பொறியாளர் டபிள்யூ. எச். ஹார்ஸ்லி வடிவமைத்த பாலம் 11 வளைவுகளைக் கொண்டது. 1840இல் தொடங்கிய பணி நிறைவுற்று 1843 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது. அது இன்றும் சுலோசன முதலியார் பாலம் என்றே அழைக்கப்படுகிறது.

ஒரு கொடையாளரால் பாலத்தைக் கட்டித் தர முடிந்தது. அதைத் தலைமுறைகளுக்குக் காத்து நிற்க ஒரு தனிமனிதரால் முடியாது. 1869ஆம் ஆண்டு வெள்ளத்தில் பாலம் சேதமடைந்தபோது இந்த வேறுபாடு வெளிப்பட்டது. 1871இல் அது சீரமைக்கப்பட்டது. அதன் பிறகு மாட்டுவண்டிக்காகக் கட்டப்பட்ட பாலம் பேருந்தையும் சரக்குந்தையும் தாங்கும் நிலை வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது அகலப்படுத்தப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அதன் அருகிலேயே புதிய பாலம் ஒன்று அமைக்கப்பட்டு நெரிசல் குறைக்கப்பட்டது.

பராமரிப்புக்கு ஒரு வரி

பாலம் சீரமைக்கப்பட்ட அதே 1871ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் உள்ளூர் நிதிச் சட்டம் நிறைவேறியது. நிலத்தின் மீது தீர்வையுடன் சேர்த்து வரி தண்டி, அந்தப் பணத்தில் சாலைகளை அமைக்கவும் பழுதுபார்க்கவும் அது வழிசெய்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட, வட்ட அளவிலான வாரியங்களை உருவாக்கியது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் வருவாய் ஒன்று சாலைக்கென ஒதுக்கப்பட்டது இதன் சிறப்பு. பராமரிப்பு, கொடையையும் ஆட்சியரின் தனிப்பட்ட ஆர்வத்தையும் மட்டும் நம்பியிராத நிலை உருவானது.

இருப்புப்பாதையின் வரவு இதனுடன் இணைந்தது. 1876இல் மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குத் தொடர்வண்டி வந்தது. 1904இல் திருநெல்வேலி செங்கோட்டை வழியாகக் கொல்லத்துடன் இணைந்தது. 1923இல் திருச்செந்தூர்ப் பாதை திறக்கப்பட்டது. இவை அனைத்தும் மீட்டர் பாதைகள். திருச்செந்தூர்ப் பாதை 2008இலும், தென்காசி வரையிலான பாதை 2012இலும் அகலப்பாதையாக மாறின. செங்கோட்டைக்கு அப்பால் உள்ள மலைப்பாதைப் பணி 2018இல்தான் நிறைவடைந்தது. ஆண்டுக்கணக்கில் நீண்ட இப்பணியின்போது அப்பகுதி மக்கள் தொடர்வண்டி இல்லாமல் இருந்தனர். ஒரு சொத்தைப் புதுப்பிக்கும் காலத்தில் அதன் பயன் நின்றுபோவதும் செலவுக் கணக்கில் சேர வேண்டியதே.

பேருந்துக் கழகத்தின் அளவுகள்

1974இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் உருவானது. பின்னாளில் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் திருநெல்வேலிக் கோட்டமாயிற்று. செயல்திறனை எண்களால் அளக்கும் பழக்கத்தைப் பணிமனைகளில் காணலாம். ஒரு லிட்டர் டீசலுக்கு ஓடிய கிலோமீட்டர், டயரின் ஆயுள், வழியில் பழுதாகி நின்ற பேருந்துகளின் எண்ணிக்கை, விபத்து விகிதம் ஆகியவை தொடர்ந்து கணக்கிடப்படுகின்றன.

இந்த அளவுகளுக்கு ஓர் எல்லை உண்டு. இவை பேருந்து எவ்வளவு சிக்கனமாக ஓடியது என்பதைக் காட்டும். மலையடிவாரச் சிற்றூரில் கடைசிப் பேருந்துக்காகக் காத்திருப்பவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்பதைக் காட்டா. கூட்டம் குறைந்த தடத்தை நிறுத்தினால் கழகத்தின் எண்கள் உயரும். அந்த ஊரின் நிலை தாழும். எதை அளப்பது என்பதும் ஒரு கொள்கை முடிவே.

சாலைப் பணியாளரும் ஒப்பந்தமும்

1946இல் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை தனித்துறையாக அமைந்தது. குழி அடைத்தல், சாலையோர மண்ணைச் சமன்செய்தல், சிறுபாலங்களில் அடைப்பு நீக்குதல், முட்செடி வெட்டுதல் ஆகியவை சாலைப் பணியாளர்களின் அன்றாட வேலை. 1997இல் தமிழ்நாட்டில் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டனர். 2002இல் அவர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டு, 2006இல் மீண்டும் சேர்க்கப்பட்டனர். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கருத வேண்டும் என்று அவர்கள் நீண்டகாலம் போராடினர்.

இதே காலத்தில் உலக அளவில் வேறொரு முறை பரவியது. செய்த வேலையின் அளவுக்குப் பணம் தராமல், சாலை இருக்கும் தரத்துக்குப் பணம் தரும் ஒப்பந்தமுறை கனடாவிலும் அர்ஜென்டினாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மாநிலமும் தேசிய நெடுஞ்சாலைகளுக்கான சொத்து மேலாண்மைத் திட்டம் வகுப்பதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சிக் கோட்டத்தில் இத்தகைய செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம் முதலில் செயற்படுத்தப்பட்டது. ஐந்தாண்டுக் காலத்துக்குக் குறிப்பிட்ட சாலைகள் அனைத்தையும் ஒரே ஒப்பந்ததாரர் நிர்ணயித்த தரத்தில் வைத்திருக்க வேண்டும். குழியைக் குறித்த நாள்களுக்குள் அடைக்கத் தவறினால் தொகை பிடிக்கப்படும். பின்னர் வேறு சில கோட்டங்களுக்கும் இம்முறை விரிந்தது.

சாலையின் மேடுபள்ளத்தைக் கருவி பொருத்திய வண்டியால் அளந்து, ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்று குறிப்பது உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. பாலங்களுக்கென 2016இல் மத்திய அரசு இந்தியப் பாலங்கள் மேலாண்மை அமைப்பைத் தொடங்கியது. ஒவ்வொரு பாலத்துக்கும் அடையாள எண்ணும் நிலை மதிப்பெண்ணும் தரும் ஏற்பாடு இது.

2023ஆம் ஆண்டு வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பள்ளத்தாக்கின் போக்குவரத்து அமைப்பு முழுவதும் ஒரே நேரத்தில் சோதிக்கப்பட்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டது. ஏரலில் ஆற்றுப் பாலத்தின் இணைப்புச் சாலை அடித்துச் செல்லப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவுவண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையே தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளைக்கல்லும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டிருந்தன. வண்டியில் இருந்த சுமார் 800 பயணிகளில் பலர் இரண்டு நாள் அங்கேயே சிக்கியிருந்தனர். சாலையும் துண்டிக்கப்பட்டிருந்ததால் ஹெலிகாப்டர் மூலம் உணவு வழங்கப்பட்டது.

வண்டி உரிய இடத்தில் நிறுத்தப்பட்டதால் பேரிழப்பு தவிர்க்கப்பட்டது. பாதையின் நிலை குறித்த தகவல் உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்வதே பராமரிப்பின் முதல் படி என்பதை இந்நிகழ்வு காட்டியது. மற்றொன்றையும் காட்டியது. மேடுபள்ளம் இல்லாத சாலை, நல்ல மதிப்பெண் பெற்ற பாலம், புதிதாக அமைத்த அகலப்பாதை ஆகிய மூன்றும் ஒரே ஆற்றின் கரையில் இருந்தால் ஒரே இரவில் பயனற்றுப் போகலாம். தனித்தனிச் சொத்தின் தரத்தை மட்டும் அளந்தால் இந்த ஆபத்து தெரியாது.

மதிப்பீடு

1843இல் கேள்வி எளிமையானது: ஆற்றைக் கடக்க முடியுமா? பிறகு எவ்வளவு பாரம், எவ்வளவு வேகம், எவ்வளவு செலவு என்ற கேள்விகள் சேர்ந்தன. 2023க்குப் பின், ஒரு வழி அடைபட்டால் மறுவழி உண்டா, எத்தனை நாளில் சீராகும் என்பவை முதன்மை பெறுகின்றன. பழைய திருநெல்வேலி மாவட்டம் இன்று திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி என்று மூன்றாகப் பிரிந்துள்ளது. சாலை, இருப்புப்பாதை, ஆறு, உள்ளாட்சி ஆகியவை வெவ்வேறு துறைகளின் பொறுப்பில் உள்ளன. ஆறு இந்த எல்லைகளை அறியாது. மலையில் பெய்யும் மழை கீழே எந்தச் சிறுபாலத்தை மூழ்கடிக்கும் என்பதை எல்லாத் துறைகளும் ஒரே வரைபடத்தில் பார்க்கும் நிலை இப்பள்ளத்தாக்கின் அடுத்த தேவையாக உள்ளது.