அறிவை அளந்த கோல்

'மந்தபுத்தியுடையவன்' என்ற சொல்லைப் பாடசாலைகளில் நாம் வெகு இலகுவாகக் கையாளுகின்றோம். உயரத்தையும் நிறையையும் போல அறிவும் பிள்ளையினுள்ளே அமைந்த ஓர் அளவு; அதனைப் பிறப்பே நிர்ணயித்துவிட்டது; ஆசிரியர் செய்யக்கூடியது அவ்வளவைக் கண்டறிந்து பிள்ளைகளை வரிசைப்படுத்துவது மாத்திரமே என்ற எண்ணம் இச்சொல்லின் அடியிலே கிடக்கின்றது. இவ்வெண்ணம் என்றும் உள்ளதொன்றன்று. அது வலுப்பெற்ற காலமுண்டு. அதனைப் போற்றி வளர்த்த நாடுகளுண்டு. அதனாற் பயனடைந்த வர்க்கங்களுமுண்டு. அவ்வரலாற்றை அறிந்துகொள்ளுதல் ஆசிரியர்களாகிய எமது கடமையாகும்.

பிரான்சிலே 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கியது. அதுவரை வயலிலும் பட்டறையிலும் தம்மாலியன்ற தொழிலைச் செய்து, ஊரோடு ஊராக வாழ்ந்த பிள்ளைகள் பலர் வகுப்பறைக்குள் வந்தனர். ஒரே வயது, ஒரே பாடம், ஒரே வேகம் என்ற ஒழுங்கு ஏற்பட்டதும், அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதோர் தனியொரு கூட்டமாகக் கண்ணிற் பட்டனர். அவர்களுக்கேற்ற கல்வியைப் பற்றி ஆராய 1904இல் அரசு ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அதன் உறுப்பினரான அல்பிரெட் பினே, வைத்தியர் தியடோர் சிமோனுடன் சேர்ந்து, 1905இல் 30 சோதனைகள் கொண்ட அளவுகோலொன்றை வெளியிட்டார்.

ஒரு பிள்ளையைத் தனி வகுப்புக்கு அனுப்புவது எவருடைய விருப்பு வெறுப்பையும் பொறுத்திருத்தலாகாது என்பதே பினேயின் கருத்து. நீளத்தை அளப்பதுபோல அறிவை அளக்க இக்கோல் உதவாதென்று அவரே எச்சரித்தார். அறிவு மாறாத அளவினது, அதனை வளர்க்கவியலாது என்று கூறியோரை 1909இல் வன்மையாகக் கண்டித்தார். பின்தங்கிய பிள்ளைகளின் கவனத்தையும் நினைவாற்றலையும் பழக்கும் பயிற்சிகளை வகுப்பதிலும் ஈடுபட்டார். அவரைப் பொறுத்தவரை அளவுகோல் என்பது, உதவி வேண்டி நிற்போரைக் கண்டுகொள்ள ஒரு வழி, அவ்வளவே.

இந்நோக்குக்கு ஒரு மரபும் இருந்தது. சான் சிமோனின் சமுதாயக் கொள்கைகளில் ஊறிய எடுவார் செகன், கற்பிக்க முடியாதோரெனக் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குப் புலன்வழிக் கல்வி முறையொன்றை 1840களிற் பரிஸ் நகரிலே வகுத்தார். 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் அவர் அமெரிக்கா சென்றார். அவருடைய நூல்களைக் கற்ற இத்தாலிய வைத்தியர் மரியா மொண்டிசோரி, குறைபாடுடையோரெனப்பட்ட பிள்ளைகளுக்கு ரோமிலே கற்பித்தார். அவர்களிற் சிலர் ஏனைய பிள்ளைகளுடன் பொதுப் பரீட்சையிற் சித்தியெய்தியபோது ஊரார் வியந்தனர். மொண்டிசோரியோ, நல்ல நிலையிலுள்ள பிள்ளைகளை இவர்கள் எட்டிப்பிடிக்கும் அளவுக்கு எமது பாடசாலைகள் தாழ்த்தி வைத்திருப்பது எதனால் என்று சிந்தித்தார். கேள்வியைப் பிள்ளையிடமிருந்து பாடசாலைக்குத் திருப்பியமையே அவரது சிறப்பு.

அத்திலாந்திக்கைக் கடந்ததும் கோலின் பயன்பாடு தலைகீழாயிற்று. நியூ ஜேர்சி மாநிலத்து வைன்லண்ட் நிலையத்தில் ஆய்வுப் பணிப்பாளராயிருந்த ஹென்றி கொடாட் 1908இல் அதனை ஐக்கிய அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அறிவுக் குறைபாடு பரம்பரையாக வருவது. குற்றம், வறுமை, ஒழுக்கக்கேடு ஆகியவற்றுக்கு அதுவே மூலம் என்பது அவர் கொள்கை. வறுமையின் காரணம் கூலியிலும் குடியிருப்பிலும் இல்லை, வறியோரின் இரத்தத்தில் உள்ளது என்று கூறும் கொள்கை, உடைமை வர்க்கத்துக்கு எத்துணை உவப்பானதென்பதை விளக்க வேண்டியதில்லை.

1916இல் லூயிஸ் டேர்மன் பினேயின் கோலைத் திருத்தி, அறிவு ஈவு என்ற ஒற்றை எண்ணைப் பரப்பினார். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, ஏறத்தாழ 17 இலட்சத்து 50 ஆயிரம் படையினர் பரீட்சிக்கப்பட்டனர். கடையில் விற்கும் சமையற் கொழுப்பொன்றின் வணிகப் பெயரும் பேஸ்போல் வீரர் ஒருவரின் புகழும் அப்பரீட்சையில் வினாக்களாயின! அந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த குடிவரவாளர் கூடிய புள்ளிகளையும், புதிதாக வந்தோர் குறைந்த புள்ளிகளையும் பெற்றனர். பழக்கத்தையே இது காட்டிற்று. ஆயினும் இனத்தின் தரத்தைக் காட்டுவதாக விளக்கவுரை எழுதப்பட்டது. தென், கிழக்கு ஐரோப்பிய ஏழைகளின் வருகையை 1924ஆம் ஆண்டுச் சட்டம் வெகுவாகச் சுருக்கியது. இனவெறி முன்னரே இருந்தது. விஞ்ஞானம் அதற்குப் போர்வை கொடுத்தது.

அதே 1924இல் வெர்ஜீனியா மாநிலம், மந்தபுத்தியுடையோரெனப்பட்டவர்களைப் பலவந்தமாக மலடாக்கும் சட்டத்தை இயற்றியது. கெரி பக் என்ற ஏழைப் பெண் ஆறாம் வகுப்புவரை குறையின்றிக் கற்றவர். வளர்ப்புப் பெற்றோரின் உறவினன் ஒருவனாற் பலாத்காரத்துக்குள்ளாகிக் கருவுற்றார். அக்குடும்பத்தார் அவரை மந்தபுத்தியுடையோர் நிலையத்துக்கு அனுப்பினர். 1927 மே 2ஆம் திகதி உயர் நீதிமன்றம், நீதியரசர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸின் தீர்ப்பின் மூலம், எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால் அவரை மலடாக்க அனுமதித்தது. தாய், மகள், பேத்தி என்னும் மூன்று தலைமுறையினரும் மந்தபுத்தியுடையோரென்பது வாதம். அப்பேத்தி விவியன் பாடசாலையிற் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றபின், எட்டு வயதில், 1932இல் நோயால் இறந்தாள். ஐக்கிய அமெரிக்காவில் 60,000க்கு மேற்பட்டோர் இத்தகைய சட்டங்களால் மலடாக்கப்பட்டனர்.

ஜேர்மனியில் ஹிட்லரின் அரசு 1933 யூலை 14ஆம் திகதி இயற்றிய சட்டத்தில், மலடாக்கத்தக்க நோய்களின் வரிசையில் முதலில் நின்றது பிறவி மந்தபுத்தியே. ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் அதற்கு இரையாயினர். மனநோயாளரைப் பராமரிக்கும் செலவில் எத்தனை தொழிலாளர் வீடுகள் கட்டலாமென்று பாடசாலைக் கணித நூல்கள் பிள்ளைகளைக் கேட்டன. தொழிலாளிக்கு வீடில்லாமைக்குக் காரணம் நோயாளி என்று கற்பிக்கும் கணக்கு அது! 1940 தொடக்கம் 1941 ஓகஸ்ட் வரை, ஆறு நிலையங்களில், நோயாளரும் மனவளர்ச்சி குன்றியோருமாக 70,000க்கு மேற்பட்டோர் நச்சுவாயுவாற் கொல்லப்பட்டனர். அவர்களைத் தெரிவு செய்த படிவங்களில், அவர்கள் வேலை செய்யக்கூடியவர்களா என்பதும் ஒரு வினாவாக இருந்தது.

இவ்வரலாற்றை எடுத்துரைப்போரிற் பலர், கெரி பக் உண்மையில் மந்தபுத்தியுடையவரல்லர், ஆகவே அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதோடு அமைந்துவிடுகின்றனர். அது போதுமா? அவர் உண்மையிலேயே எழுத்தறியவும் எண்ணவும் இயலாதவராக இருந்திருப்பின், அத்தீர்ப்பு நீதியாகிவிடுமா? கோல் பிழையாக அளந்தது என்று மாத்திரம் கூறுவோர், சரியாக அளந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்போம் என்றே கூறுகின்றனர். மனிதனுடைய உரிமை அவனுடைய உற்பத்தித் திறனைப் பொறுத்ததன்று என்ற அடிப்படையை அவர்கள் விட்டுவிடுகின்றனர்.

கோலின் கோடும் மனிதர் கீறியதே. 1961இல் அமெரிக்க நிபுணர் சங்கத்தின் வரைவிலக்கணம், அறிவு ஈவு ஏறத்தாழ 85க்குக் கீழ்ப்பட்டோரையும் மனவளர்ச்சி குன்றியோரென வகுக்க இடமளித்தது. 1973இல் அவ்வெல்லை 70 அளவுக்கு இறக்கப்பட்டது. எவருடைய மூளையும் மாறாமலே, கோட்டுக்குக் கீழ் நின்ற பெருந்தொகையினர் அதற்கு மேலே வந்தனர்!

மாற்றம் ஏற்பட்டது மக்கள் போராடியமையாலேயே. 1974இல் ஒறிகன் மாநிலத்தில், குறைபாடுடையோரென ஒதுக்கப்பட்டவர்களே கூடி மாநாடு நடத்தி, தாம் முதலில் மனிதர் என்பதையே இயக்கத்தின் பெயராகக் கொண்டனர். 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இத்தாலி தனி வகுப்புகளை நீக்கி, பொது வகுப்பறையிலேயே துணை ஆசிரியரின் உதவியை வழங்கலாயிற்று. 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் சமவாயம் சகலரையும் உள்ளடக்கும் கல்வியை உரிமையாக்கியது.

ஆயினும் சட்டம் வகுப்பறை வாயில்வரையே வரும். அதன்பின் வேலை எம்முடையது. பின்வாங்கிலில் இருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு அறிவு உண்டென்று கேட்பது எளிது. அப்பிள்ளை கற்பதற்கு எவ்வளவு நேரமும், எத்தகைய பாடமும், எத்தனை ஆசிரியரும் வேண்டும், அவற்றை வழங்க மறுப்பவர் யாவர் என்று கேட்பதே கடினம். அக்கடினமான கேள்வியைக் கேட்பவரே பினே விட்டுச்சென்ற பணியைத் தொடர்பவராவார்.