மைக்ரோபர்ஸ்ட்

இடிமேகத்திலிருந்து செங்குத்தாக இறங்கி, தரையில் மோதி, நாலாபுறமும் சிதறிப் பாயும் காற்றே மைக்ரோபர்ஸ்ட். 4 கிலோமீட்டர் அகலத்துக்குள் அடங்கும். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். குறுகிய தொலைவில் காற்றின் வேகமோ திசையோ சட்டென மாறுவதை விமானத் துறையில் 'விண்ட் ஷியர்' என்பர். தாழப் பறக்கும் விமானத்துக்கு அதன் மிகக் கொடிய வடிவம் இது.

மழைத்துளிகள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனக்கிறது. துளிகளின் எடையும் சேர்ந்து அதைக் கீழே இழுக்கிறது. வறண்ட நிலப்பகுதிகளில் மழை தரையை எட்டுமுன்பே ஆவியாகிவிடும். அங்கே தரையில் எழும் புழுதி வளையம் மட்டுமே அடையாளமாக இருக்கலாம்.

1975 ஜூன் 24 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் போயிங் 727 ஓடுபாதையை எட்டாமல் விழுந்தது. 113 பேர் இறந்தனர். சற்று முன்பு அங்கே இறங்கிய சரக்கு விமானத்தின் விமானி, ஓடுபாதையை மாற்றும்படி கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் சொல்லியிருந்தார்; ஆனால் மாற்றவில்லை. இவ்விபத்தை ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட்சுயா ஃபுஜிடா, சிறு பரப்பில் விழும் கடுங்காற்றே காரணம் என்றார். வானிலை அறிஞர்கள் பலர் உடனே ஏற்கவில்லை. 1985 ஆகஸ்ட் 2 அன்று டாலஸில் டெல்டா ஏர்லைன்ஸின் விமானம் 191 மைக்ரோபர்ஸ்டில் சிக்கி விழுந்து 137 பேர் இறந்தபோது ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

ஆபத்து முதலில் ஆதாயமாகத் தோன்றுவதே மைக்ரோபர்ஸ்டின் வஞ்சகம். உள்ளே நுழையும் விமானத்தை எதிர்க்காற்று தாக்க, காற்றுவேகம் கூடி விமானம் மேலெழும். வேகம் மிகுந்ததென்று விமானி என்ஜின் விசையைக் குறைத்தால், அடுத்த சில நொடிகளில் கீழிறங்கு காற்று அழுத்தும். அதைத் தாண்டியதும் பின்காற்று மீதி வேகத்தையும் பறிக்கும்.

எனவே விலகிப் போவதே முதல் விதி. இடிமழை கடக்கும்வரை புறப்படாமலோ, வானில் வட்டமிட்டோ காத்திருக்கலாம். சிக்கிக்கொண்டால் முழு விசை தந்து, மூக்கைப் பல ஜெட் விமானங்களில் சுமார் 15 பாகை உயர்த்த வேண்டும். சக்கரங்களையும் இறக்கை மடல்களையும் அப்போது தொடக்கூடாது: சக்கரக் கதவுகள் திறப்பதே இழுவையைக் கூட்டும். கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தால், அதிர்வு தொடங்கிய கோணத்துக்குமேல் மூக்கை உயர்த்தலாகாது.

விமான நிலையங்களில் காற்றுமானிகளும் டாப்ளர் ரேடாரும், விமானத்தில் முன்னறிவிக்கும் ரேடாரும் இன்று உதவுகின்றன. ஆயினும் 1994இல் அமெரிக்காவின் சார்லட்டில் 37 பேர் இறந்த மைக்ரோபர்ஸ்ட் விபத்தில், இறக்கை மடல்கள் நகர்ந்துகொண்டிருந்ததால் விமானத்தின் எச்சரிக்கைக் கருவி ஒலிக்கவில்லை. மழை குறைந்த மைக்ரோபர்ஸ்டில் ரேடாருக்கு எதிரொலியும் குறைவு. அதனால், வேகம் எத்தனை நாட் கூடியது, எத்தனை குறைந்தது என்று முன்னே சென்ற விமானி வானொலியில் சொல்வதற்கு இன்றும் மதிப்பு உண்டு.