கிரகத்துக்கு முன்னால் ஒரு சிமிட்டல்

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு பஸ் ஏறியிருக்கிறீர்களா? அமாவாசையை ஒட்டி ஒரு ராத்திரி அங்கே தங்கிப் பாருங்கள். கள்ளக்குறிச்சி மொட்டை மாடியிலேயே வெள்ளியும் வியாழனும் தெரியும்தான். சில சாயங்காலங்களில், கண் சிமிட்டாமல் ஐந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்துபோகும் சர்வதேச விண்வெளி நிலையமும் தெரியும் (விமானம் என்று நினைத்து எத்தனை தடவை விட்டிருப்போம்!). கல்வராயன் இருட்டில் கூடுதலாக ஒன்று உண்டு. நம் நவக்கிரகங்களில் இடம்பெறாத யுரேனஸ்! 2025-ல் அது கார்த்திகைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்றது. எங்கே தேடுவது என்று தெரிந்தால், நல்ல கண்ணுக்கு மங்கலாக ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

அதனால்தான் ஆளாளுக்கு ஏமாந்தார்கள். 1690-ல் இங்கிலாந்தின் ஃப்ளாம்ஸ்டீட் அதை நட்சத்திரம் என்று குறித்து வைத்தார். 1781-ல் ஹெர்ஷல் முதலில் வால்நட்சத்திரம் என்று நினைத்தார். அடுத்து ஏமாந்தது நம்ம ஊரில்!

கல்வராயனுக்கு வடக்கே, தென்பெண்ணைக்கு அந்தப் பக்கம், நேர்கோட்டில் சுமார் 80 கி.மீ. தள்ளி ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர். 1960-களில் இடம் தேடிய வைணு பாப்புவுக்கு அந்த இருட்டு பிடித்துப்போனது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

1977 மார்ச் 10 இரவு. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கக்கூடும் என்று கணக்கு. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தார்கள். கிரகம் இன்னும் தள்ளி இருக்கும்போதே நட்சத்திரம் சில விநாடி மங்கி, மறுபடி பிரகாசித்தது! 'யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள்' என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அதே இரவு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்த அமெரிக்கர்களுக்கு நட்சத்திரம் பல தடவை சிமிட்டியது. கிரகத்தின் இரண்டு பக்கமும், ஏறக்குறைய ஒரே தூரத்தில்! துணைக்கோள் எப்படி இரண்டு பக்கமும் இருக்க முடியும்? வளையங்கள்! பட்டாச்சார்யாவும் பாப்புவும் காவலூர்ப் பதிவை மறுபடி அலசி, அந்த வருடம் முடிவதற்குள் அதே 'நேச்சரில்' வளையங்கள் பற்றியே எழுதினார்கள். என்னைக் கேட்டால், முதல் கட்டுரையைவிட இதுதான் பெரிசு.

1986 ஜனவரி 6-ல் காவலூர் ஆய்வகத்துக்கு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அதே மாதம் 24-ம் தேதி வாயேஜர்-2 யுரேனஸைக் கடந்தது. வளையங்களைப் பக்கத்தில் இருந்து படமெடுத்தது. பார்க்க பாப்பு இல்லை. 1982-லேயே இறந்துவிட்டார்.