ஆயாக்கொட்டகை முதல் வீட்டுக் காப்பகம் வரை: அதிகாரிகளின் வருகையும் குழந்தை காப்போரின் ஆயத்தமும்

முன்னுரை

மலாயாத் தோட்டத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் பால்மரம், கங்காணி முறை, கூலி, தமிழ்ப்பள்ளி, தொழிற்சங்கம் ஆகியவற்றை மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. தாய்மார் மரம் சீவச் சென்ற வேளையில் அவர்தம் கைக்குழந்தைகளைக் காத்த ஆயாக்களைப் பற்றிய செய்திகள் அவ்வரலாற்றில் அரிதாகவே காணப்படுகின்றன. ஆயாவின் பணியிடம் அரசின் பார்வைக்கு வந்த தருணம் ஒன்று உண்டு. அதிகாரிகள் தோட்டத்தைப் பார்வையிட வந்த நாளே அது. அவ்வருகைக்கு ஆயத்தம் செய்யும் பொறுப்பு அன்று யாருடையதாக இருந்தது, இன்று யாருடையதாக மாறியுள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டமும் ஆயாக்கொட்டகையும்

தோட்டத் தொழிலில் பெண்ணின் உழைப்பு இன்றியமையாததாக இருந்தது. 1920களின் இறுதியில் முதன்மைப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட திட்டக்கூலியின்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் வழங்கப்பட்டன. ஒருவர் கூலியைக் கொண்டு குடும்பம் நடத்துதல் அரிதாகையால் கணவனும் மனைவியும் விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டியிருந்தது. அந்நேரத்தில் குழந்தை ஆயாக்கொட்டகையில் விடப்பட்டது. மரம் சீவும் வலுவிழந்த மூதாட்டியரே பெரும்பாலும் ஆயாவாக அமர்த்தப்பட்டனர். தூளிகளை ஆட்டுவதும், பால் புகட்டுவதும், நோயுற்ற குழந்தையை டிரஸரிடம் காட்டுவதும் அவர்தம் கடமைகளாயின. தோட்டத்தின் உற்பத்திக் கணக்கில் இடம்பெறாத இவ்வுழைப்பே அவ்வுற்பத்திக்குத் துணைநின்றது எனலாம்.

வருகையும் ஆயத்தமும்

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு மகப்பேற்று உதவி, பிள்ளைகளின் கல்வி முதலியவற்றை முதலாளியின் கடமைகளுள் சேர்த்தது. தொழிலாளர் இலாகா அதிகாரிகளும் சுகாதார அதிகாரிகளும் தோட்டங்களைப் பார்வையிட்டனர். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் வழி அமர்த்தப்பட்ட இந்திய அரசின் முகவரும் தோட்டங்களுக்குச் சென்று ஆண்டறிக்கை எழுதினார். 1936இன் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவிற்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். அவரது அறிக்கை 1937இல் வெளிவந்தது.

இத்தகைய வருகைகளுக்கு முன்னர் லயங்களுக்குச் சுண்ணாம்பு பூசுவதும், கால்வாய்களைத் துப்புரவு செய்வதும், குழந்தைகளுக்குத் தூய ஆடை அணிவிப்பதும் தோட்ட வழக்கில் நன்கு அறியப்பட்டவை. இவ்வாயத்தத்தில் உடலால் உழைத்தவர் ஆயாவே. எனினும், குறைகாணப்பட்டால் அதற்கு விடையிறுக்க வேண்டியவர் தோட்ட நிர்வாகியாவார். கொட்டகை முதலாளிக்கு உரியது. தரை, கூரை, தண்ணீர் ஆகியவையும் அவர் பொறுப்பே. அதிகாரியின் கண் கட்டடத்தை அளந்தது, குழந்தைகளை எண்ணியது. ஒரே ஆயாவின் கையில் எத்தனை குழந்தைகள் இருந்தனர், அவருக்கு ஓய்வு இருந்ததா என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டன. ஆயினும் சட்டத்தின் சுமை அவர் தோளில் ஏற்றப்படவில்லை என்பது கருதத்தக்கது. 1990இல் இயற்றப்பட்ட தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டமும் தோட்டக் குழந்தைக் காப்பகத்தை முதலாளியின் கடமையாகவே வகுத்தது.

வீடே கொட்டகையாதல்

1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலும், பின்னர்த் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியமையும் தமிழ்க் குடும்பங்களை நகர்ப்புறங்களுக்குப் பெயர்த்தன. தாய்மார் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலைக்குச் சென்றனர். ஆயாக்கொட்டகை பின்தங்கிவிட்டது, குழந்தை காக்கும் தேவையோ உடன்வந்தது. அடுக்குமாடி வீடுகளில் அண்டை வீட்டு அக்காளோ பாட்டியோ கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் பெருகியது.

1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் இத்தகையோரையும் தன் எல்லைக்குள் கொணர்ந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதிற்குட்பட்ட நால்வரையோ அதற்கு மேற்பட்டோரையோ கட்டணம் பெற்றுக் காப்பவர் சமூகநல இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும். பத்துக்குக் குறைவான குழந்தைகளைக் கொண்டது வீட்டுக் காப்பகமாகக் கொள்ளப்படுகிறது. ஒரு வயதிற்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி. ஆயாக்கொட்டகைக் காலத்தில் பின்தள்ளப்பட்ட வினாவிற்கு இவ்விதி விடையளிக்கிறது. இது பெரும் முன்னேற்றமேயாகும்.

எனினும் ஆயத்தத்தின் சுமை இடம் மாறியுள்ளது. தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, குளியலறைத் தடுப்பு ஆகியவற்றை வீட்டுக்காரரே தம் சிறு வருவாயிலிருந்து வாங்க வேண்டும். குழந்தை வந்த நேரம், சென்ற நேரம், பால் குடித்த அளவு, தடுப்பூசி விவரம், பெற்றோரின் அவசரத் தொடர்பு ஆகியவற்றை ஏட்டில் பதிய வேண்டும். தூளியில் உறங்கவைத்துப் பழகிய கை, சமதளப் படுக்கையில் குழந்தையை மல்லாந்து உறங்கச் செய்யும் இன்றைய மருத்துவ அறிவுரையையும் ஏற்க வேண்டியுள்ளது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு கல்வியை நிறுத்திய ஒருவருக்கு மலாய்மொழிப் படிவங்களே முதல் தடையாகின்றன. அதனால் அதிகாரியின் வருகை, அறிவுரை பெறும் வாய்ப்பாகத் தோன்றாமல் தண்டனைக்குரிய சோதனையாகத் தோன்றுகிறது. அவ்வச்சமே பதிவு செய்யாமல் ஒதுங்கி நிற்கவும் காரணமாகலாம். அவ்வாறு ஒதுங்குவதால் இழப்புக்குள்ளாவது பாதுகாப்பு விதிகளின் பயனைப் பெறாத குழந்தையே.

முடிவுரை

அன்று முதலாளி விடையிறுத்தார். ஆயா கணக்கில் வரவில்லை. இன்று குழந்தை காப்பவர் கணக்கில் வருகிறார். ஆனால் தனித்தே விடையிறுக்கிறார். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான மாற்றம் சட்ட வரலாறு மட்டுமன்று, பெண்ணுழைப்பின் வரலாறுமாகும். தமிழாசிரியர்கள் இதன்பால் இரு வகையில் பணியாற்றக் கூடும். ஒன்று, படிவங்களையும் பாதுகாப்பு விதிகளையும் எளிய தமிழில் விளக்கி, வருகைக்கு முன்னரே இத்தகையோருக்கு வழிகாட்டுதல். மற்றொன்று, எஞ்சியுள்ள முன்னாள் ஆயாக்களின் வாய்மொழிகளை மாணவர் வழித் தொகுத்தல். அதிகாரிகளின் ஏடுகள் விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்ப வல்லவர் அவர்களே; காலம் தாழ்த்தினால் அச்சான்றும் மறைந்துவிடும்.