கப்பல் பாதி, ரயில் பாதி: அலாஸ்கா டூர் வந்த கதை

"பி.காம் படிக்கிறவனுக்கு அலாஸ்கா எதுக்குடா?" என்று வகுப்பில் கேட்பார்கள் என்று தெரியும். அதனால் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் டிராவல் ஏஜென்சியில் இருக்கிறார். மாதக் கடைசியில் அவருக்கு டாலியில் கணக்கு ஏற்றிக் கொடுக்கப் போவேன். (சம்பளம்: இரண்டு டீ, ஒரு சமோசா.) போன மாதம் போனபோது மேஜையில் ஒரு பளபளப்பான புத்தகம் கிடந்தது. அலாஸ்கா க்ரூஸ் டூர். ஏழு நாள் கடல், ஐந்து நாள் தரை. கனடாவின் வான்கூவரில் கப்பல் ஏற வேண்டும். பனியாறுகளைப் பார்த்துக்கொண்டே வடக்கே போய், அலாஸ்காவில் விட்டியர் என்ற துறைமுகத்தில் இறங்க வேண்டும். அங்கே கண்ணாடிக் கூரை போட்ட ரயில் காத்திருக்கும். அதில் டெனாலி தேசியப் பூங்கா, பிறகு ஃபேர்பேங்க்ஸ், அங்கிருந்து விமானத்தில் வீடு. விலையை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மெதுவாக மூடி வைத்தேன் :-)

ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. அலாஸ்கா அமெரிக்காவின் மாநிலம். சியாட்டிலும் அமெரிக்காவில்தான் இருக்கிறது. டூர் போகிறவர்களும் பெரும்பாலும் அமெரிக்கர்கள்தான். அப்படியிருக்க, அடுத்த நாட்டுக்குப் போய் ஏன் கப்பல் ஏற வேண்டும்? அண்ணனிடம் கேட்டேன். "எல்லா கம்பெனியும் அப்படித்தான்ப்பா போடறான்" என்றார். அந்தப் பதில் போதாமல் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சுவாரசியமானதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1867-ல் அமெரிக்கா 72 லட்சம் டாலர் கொடுத்து ரஷ்யாவிடம் அலாஸ்காவை வாங்கியது. பனிக்கட்டியை விலை கொடுத்து வாங்கிவிட்டார்கள் என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. அந்தப் பனிக்கட்டியையே காசாக்கலாம் என்று முதலில் காட்டியவர்கள் நீராவிக் கப்பல்காரர்கள்.

1879-ல் ஜான் மியூர் என்ற இயற்கை ஆர்வலர் ட்லிங்கிட் பழங்குடியினர் துடுப்புப் போட்ட படகில் கிளேசியர் பே என்ற விரிகுடாவுக்குள் போனார். அவரைக் கூட்டிப் போனவர்களின் தலைவர் டோயாட் என்ற ட்லிங்கிட் பெரியவர். 1794-ல் ஐரோப்பியர்கள் அந்தக் கரையை அளந்தபோது விரிகுடா முழுக்கப் பனியாறுதான். வாயில் மட்டும் ஒரு சின்ன உள்வளைவு. மியூர் போன காலத்தில் பனி 40 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. அவர் பத்திரிகையில் எழுதினார், ஜனங்கள் படித்தார்கள். நான்கே வருடத்தில், 1883-ல், ஜேம்ஸ் கரோல் என்ற கேப்டன் 'ஐடஹோ' என்ற நீராவிக் கப்பலில் பயணிகளை ஏற்றிக்கொண்டு அதே விரிகுடாவுக்குள் போய்விட்டார். பனியாற்றுக்கே மியூர் பெயரை வைத்துவிட்டார்கள். டோயாட் பெயர் அந்த டூர் புத்தகத்தில் எங்கும் இல்லை, தேடிப் பார்த்தேன்.

1880களில் போன பயணிகள் கரையோர ஊர்களில் இறங்கியதும் ட்லிங்கிட் பெண்கள் முடைந்த கூடைகளை வாங்கினார்கள். துறைமுகப் படிகளிலேயே வியாபாரம். இடைத்தரகர் இல்லாத நேரடி விற்பனை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1899 செப்டம்பரில் யாகுடாட் பக்கம் பெரிய பூகம்பம் வந்து மியூர் பனியாறு நொறுங்கியது. விரிகுடா முழுக்க மிதக்கும் பனி. கப்பல்கள் பனியாற்றுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. முதல் சுற்றுலா அலை அதோடு அடங்கியது.

சரி, ரயிலுக்கு வருவோம்.

கனடாவின் குளோண்டைக் பகுதியில் 1896-ல் தங்கம் கிடைத்தது. அந்தச் செய்தி 1897 ஜூலையில் சியாட்டில் வந்ததும் ஒரு லட்சம் பேருக்குப் பக்கமாக வடக்கே கிளம்பினார்கள் என்று சொல்வார்கள். மலையைத் தாண்டிப் போக ஸ்காக்வே என்ற துறைமுகத்திலிருந்து வைட் பாஸ் ரயில் பாதை போட்டார்கள். 110 மைல், 26 மாதம். மூன்றடி அகலப் பாதை, நம்ம ஊட்டி ரயிலைவிடக் கொஞ்சம் குறுகல். வேலை முடிந்து கடைசி ஆணி அடித்த நாள் 1900 ஜூலை 29. அதற்குள் தங்க ஜுரம் தணிந்து, கூட்டம் நோம் பக்கம் திரும்பிவிட்டது! முதலீடு செய்து முடிக்கும்போது சந்தை காலி. இப்படி ஒரு கேஸ் ஸ்டடி எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்திருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

இன்னொரு ரயில் அலாஸ்கா ரயில்ரோடு. இது அரசாங்கம் போட்டது. சூவர்ட் துறைமுகத்திலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை 470 மைல். 1923 ஜூலை 15-ல் நெனானா என்ற இடத்தில் தங்க ஆணி அடிக்க ஜனாதிபதி ஹார்டிங்கே நேரில் வந்தார். கப்பலில் வந்து, ரயிலில் உள்ளே போய், மறுபடி கப்பலில் திரும்பினார். என் கணக்கில் இன்றைய க்ரூஸ் டூரை நடத்திக் காட்டிய முதல் பெரிய மனிதர் அவர்தான். பாவம், ஊர் போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட் 2-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்துவிட்டார்.

இந்த ரயிலுக்கும் சரக்கு போதவில்லை. அத்தனை பெரிய நிலத்தில் ஆள் நடமாட்டமே குறைவு. எனவே பயணிகளைப் பிடிக்க வேண்டிய கட்டாயம். பாதையோரம் 1917-லேயே மவுண்ட் மெக்கின்லி தேசியப் பூங்கா வந்துவிட்டது. 1939-ல் ரயில்வேயே அங்கே ஹோட்டல் திறந்தது. அதற்கு முன்பே கப்பல், ரயில், மோட்டார் வண்டி மூன்றையும் சேர்த்த சுற்றுலா ஒன்று இருந்தது: கப்பலில் கார்டோவா, செம்புச் சுரங்க ரயிலில் சிட்டினா, சாலையில் ஃபேர்பேங்க்ஸ், ரயிலில் சூவர்ட், அங்கிருந்து கப்பல். 1938-ல் சுரங்கமும் அதன் ரயிலும் மூடப்பட்டதும் அந்த வட்டம் அறுந்தது. 1954-ல் அலாஸ்கா ஸ்டீம்ஷிப் கம்பெனி பயணிகளை ஏற்றுவதையே நிறுத்தியது. விமானம் வந்த பிறகு கப்பலுக்கு யார் காத்திருப்பார்கள்?

ஆக 1950களில் அங்கே இருந்தவை: பசியோடு ஒரு ரயில், ஆள் வராத துறைமுகங்கள், அழகான மலைகள். சேர்த்துக் கட்ட ஆள் இல்லை.

அந்த ஆள் சக் வெஸ்ட். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அலாஸ்காவில் சின்ன விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவர். சும்மா போகும் விமானத்தில் ஆர்க்டிக் பக்கம் பயணிகளை ஏற்றிப் போகலாமே என்று தோன்றி, 1940களின் கடைசியில் ஃபேர்பேங்க்ஸில் ஒரு டிராவல் ஏஜென்சி தொடங்கினார். பிற்பாடு அதன் பெயர் வெஸ்டூர்ஸ். டிக்கெட் போட்டுக் கொடுத்தால் கமிஷன்தான் மிஞ்சும் என்று அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. பஸ் வாங்கினார், ஹோட்டல் கட்டினார், கப்பல் பிடித்தார். பயணி எங்கே இறங்கினாலும் அவருடைய வண்டிதான் நிற்கும். இதற்குத்தான் எங்கள் சார் போர்டில் எழுதிப் போட்டு 'செங்குத்து ஒருங்கிணைப்பு' என்று இரண்டு வகுப்பு நடத்தினார்.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். கப்பல் பிடித்தார் என்றேன் அல்லவா, அதில்தான் முடிச்சு.

1886-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஏறும் பயணியை வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க வெளிநாட்டுக் கொடிக் கப்பலுக்கு அனுமதி இல்லை. மீறினால் தலைக்கு 2 டாலர் அபராதம். 2 டாலர்தானே என்று கட்டிவிட்டுப் போனார்களோ என்னவோ, 1898-ல் அதை 200 டாலராக உயர்த்தினார்கள். உள்நாட்டுக் கப்பல் முதலாளிகளை வெளிநாட்டுப் போட்டியிலிருந்து, முக்கியமாகக் கனடாக் கப்பல்களிடமிருந்து, காப்பாற்றுவது நோக்கம். அலாஸ்கா டூரை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கொடி என்றால் பதிவு. வரி குறைவு என்று பாண்டிச்சேரி நம்பர் போட்டு நம்ம ஊரில் ஓடும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். கப்பலிலும் அதே கதைதான். அமெரிக்கக் கொடியோடு இந்தத் தொழில் செய்ய வேண்டுமானால் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக இருக்க வேண்டும், அமெரிக்க ஊழியர்களை அமெரிக்கச் சம்பளத்தில் வைக்க வேண்டும். கட்டுப்படியாகாது. அதனால் பெரிய க்ரூஸ் கப்பல்கள் பஹாமாஸ், பெர்முடா, பனாமா, நெதர்லாந்து என்று எங்கேயோ பதிவாகியிருக்கும்.

அப்படிப்பட்ட கப்பல் சியாட்டிலில் ஏற்றி அலாஸ்காவில் இறக்க முடியாது. நடுவில் கனடாவில் நின்றாலும் செல்லாது, பக்கத்து நாடு கணக்கில் வராது. சியாட்டிலில் ஏறி, கனடாவைத் தொட்டு, சியாட்டிலிலேயே இறங்கலாம். அது சுற்றி வரும் பயணம். ஒரு வழியாகப் போய் மறுமுனையில் இறங்க வேண்டுமானால் வான்கூவரில்தான் ஏற வேண்டும். ஒரு வழியாகப் போனால்தான் ரயிலுக்கு மாறி உள்ளே போக முடியும். புத்தகத்தில் பார்த்த பாதை இப்படித்தான் வந்தது. 135 வருடத்துக்கு மேற்பட்ட ஒரு படகுச் சட்டம் பயணியைக் கனடாவுக்கு அனுப்பி, ரயிலடியில் கொண்டுவந்து இறக்குகிறது.

கொரோனா சமயத்தில் இது எல்லோருக்கும் உறைத்தது. கனடா தன் துறைமுகங்களை மூடியதும் அலாஸ்காவின் க்ரூஸ் சீசனே நின்றுபோனது. 2019-ல் 13 லட்சம் பயணிகள், 2020-ல் பெரிய கப்பல் ஒன்றுகூட இல்லை. ஸ்காக்வே ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர், பிழைப்பே கப்பல்தான். அந்தக் கோடையில் அவர்கள் கடையைத் திறந்து யாருக்கு விற்பது? 2021 மே மாதம் காங்கிரஸ் அந்தப் பழைய சட்டத்துக்குத் தற்காலிக விலக்கு கொடுத்த பிறகுதான் சில கப்பல்களாவது வந்தன.

சக் வெஸ்ட் கதையின் மீதி: 1971-ல் வெஸ்டூர்ஸ் ஹாலந்து அமெரிக்கா லைன் கைக்குப் போனது. ஜெட் விமானத்திடம் அட்லாண்டிக் பயணிகளை இழந்து புதுப் பிழைப்புத் தேடிக்கொண்டிருந்த பழைய கப்பல் கம்பெனி அது. பஸ், ஹோட்டல் எல்லாம் சேர்த்து வாங்கியது. போட்டிக்கு பிரின்சஸ் க்ரூஸஸ் கம்பெனியும் காட்டுக்குள் விடுதி, கண்ணாடிக் கூரைப் பெட்டி என்று இறங்கியது. 1980களில் இரண்டும் கடுமையாக மோதின. பிறகு? 1989-ல் ஹாலந்து அமெரிக்காவை கார்னிவல் வாங்கியது. 2003-ல் பிரின்சஸும் கார்னிவலிடமே வந்தது. இன்று பயணி எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும் பணம் ஒரே கல்லாவில் விழ நல்ல வாய்ப்பு உண்டு. கப்பல் அவர்களுடையது, விடுதி அவர்களுடையது, பஸ் அவர்களுடையது. 1982-ல் மூடி 1988-ல் சுற்றுலாவுக்காகத் திரும்ப ஓடிய வைட் பாஸ் ரயிலையும் 2018-ல் 29 கோடி டாலருக்கு வாங்கிய கூட்டில் கார்னிவலுக்குப் பங்கு உண்டு.

சக் வெஸ்ட் சும்மா இருக்கவில்லை. 1973-ல் மறுபடி தொடங்கினார். இந்த முறை அமெரிக்கக் கொடியோடு சின்னக் கப்பல்கள், அதனால் 1886 சட்டம் அவரைத் தொடாது. 2005-ல் அவர் இறந்தார், 2010-ல் அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

இதில் அந்த மண்ணின் மனிதர்களுக்கு என்ன மிஞ்சியது? கிளேசியர் பே ஹூனா ட்லிங்கிட் மக்களின் தாய்மண். 18-ஆம் நூற்றாண்டில் முன்னேறி வந்த பனியாறு அவர்களை வெளியே தள்ளியது. பனி பின்வாங்கியது, ஆனால் 1925-ல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. காலங்காலமாகக் கடற்பறவை முட்டை எடுத்த தீவுகளில் எடுப்பதும் பிற்பாடு தடையானது. அனுமதிக்கும் சட்டம் வர 2014 ஆனது. நடுவில் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

1971-ல் இன்னொன்றும் நடந்தது. அலாஸ்கா பழங்குடியினரின் நில உரிமையைத் தீர்க்க வந்த சட்டம் 4 கோடி 40 லட்சம் ஏக்கரும் 96 கோடி டாலருக்கு மேலும் கொடுத்தது. ஆனால் குலங்களிடம் கொடுக்காமல், கம்பெனிகள் அமைக்கச் சொல்லி அவற்றிடம் கொடுத்தது. ஊர்க்காரர்கள் பங்குதாரர்கள்! சமூகத்தைக் கம்பெனியாக மாற்றுவது எனக்கு முதலில் அபத்தமாகத் தோன்றியது. இப்போதும் முழுக்கச் சம்மதம் இல்லை. ஆனால் ஹூனா என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். சுமார் ஆயிரம் பேர் வாழும் அந்த ஊரின் கம்பெனி ஹூனா டோட்டம். 1912-ல் கட்டிய பழைய சால்மன் பதப்படுத்தும் ஆலை ஒன்றைச் சீர்செய்து 2004-ல் 'ஐசி ஸ்ட்ரெய்ட் பாயின்ட்' என்ற க்ரூஸ் துறைமுகமாகத் திறந்தார்கள். நிலம் அவர்களுடையது, கடைகள் அவர்களுடையது. துறைமுகப் படியில் கூடை விற்ற பெண்களை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்காகத்தான். இங்கே படியே அவர்களுடையது.

போன வாரம் இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப அந்த விட்டியர் யாருதுப்பா?" என்றார். விட்டியர் போர்க்காலத்தில் ராணுவம் உருவாக்கிய துறைமுகம். இரண்டரை மைல் சுரங்கப்பாதை ஒன்றுதான் தரைவழி, அதிலும் ரயிலும் காரும் ஒரே தடத்தில் மாறி மாறிப் போகும். 2024-ல் அங்கே ஒரு புது க்ரூஸ் முனையம் திறந்தது. நார்வீஜியன் கம்பெனியோடு சேர்ந்து அதைக் கட்டியது ஹூனா டோட்டம். பக்கத்தில் போகும் ரயிலை 1985-ல் மத்திய அரசிடமிருந்து 2 கோடியே 23 லட்சம் டாலருக்கு வாங்கியது அலாஸ்கா மாநிலம், இன்றும் அதனுடையதுதான். கண்ணாடிக் கூரைப் பெட்டிகள் சில மட்டும் க்ரூஸ் கம்பெனிகளுடையவை, வாடகைக்குக் கோத்து இழுத்துப் போகிறார்கள்.