மொட்டை மாடியில் பிறந்த கூடு

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓடும் வீட்டிலிருந்து ஒரு பையன் நாமக்கல் அரசுக் கல்லூரிக்குத் தமிழ் இலக்கியம் படிக்க வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் முன்பாதி தறிப்பட்டறை, பின்பாதி குடித்தனம். ஷிப்டு மாறும், தறி நிற்காது. நாடா அடிக்கும் சத்தத்தில் வளர்ந்தவர்கள் சாதாரணமாகப் பேசுவதே அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அவன் நோட்டை எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தால், போகிற வருகிற பெரியவர்கள் அக்கறையாகவே கேட்பார்கள்: "என்ன கண்ணு, பரீட்சையா?" ஆமாம் என்று சொல்லிவிட்டால் தொந்தரவு இல்லை. "இல்லீங்க, சும்மா எழுதறேன்" என்றால் அடுத்து என்ன சொல்வதென்று அவனுக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. பரீட்சைக்கு இல்லாமல் ஒருவர் எழுதுவார் என்ற எண்ணமே அந்தத் தெருவுக்குப் புதிது.

கோழிப்பண்ணையில் குடியிருந்து வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கும் இதே கதைதான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன அப்பா வருஷத்துக்கு இரண்டு முறை வீடு வரும் திருச்செங்கோட்டுப் பிள்ளைக்கும் இதே கதைதான். சேலம், நாமக்கல் சமவெளியில் உழைப்புக்கு இடம் இருக்கிறது. லாரிக்குப் பாடி கட்ட இடம் இருக்கிறது, தறி போட இடம் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்க இடம் இருக்கிறது. ஒரு பிள்ளை தன் மனதில் இருப்பதை எழுதிப் பார்க்கவும், எழுதியதை நாலு பேருக்குப் படித்துக் காட்டவும்தான் இடம் கிடையாது.

அந்த இடம் நாமக்கல்லில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் பிறந்தது. அதன் பெயர் 'கூடு ஆய்வுச் சந்திப்பு'. நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்த எழுத்தாளர் பெருமாள்முருகன் தம் வீட்டு மாடியில் மாணவர்களைக் கூட்டி நடத்திய சந்திப்பு அது. ஆய்வு மாணவர்களும் பழைய மாணவர்களும் வாசகர்களும் வந்து உட்கார்ந்து, கட்டுரை வாசித்து, புத்தகங்களைப் பற்றி விவாதித்த இடம்.

ஏன் மாடி? கல்லூரி வகுப்பறை இல்லையா, ஊரில் மண்டபம் இல்லையா என்று கேட்கலாம். வகுப்பறைக்குப் பாடத்திட்டம் உண்டு, மணி உண்டு. தமிழ் இலக்கிய வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் வேறு பாடத்தில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்து தேறுவதுதான் படிப்பு என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழகியவர்கள். அதே பெஞ்சில் உட்காரவைத்து "உன் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்" என்றால் வாய் வராது. மண்டபத்துக்கோ வாடகை வேண்டும். வாடகை கொடுத்தால் அழைப்பிதழ், பேனர், தலைமையுரை, பொன்னாடை எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். மேடை என்று ஒன்று வந்ததும் கீழே இருப்பவர்கள் கேட்க மட்டுமே வந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். மாடிக்கு வாடகை இல்லை, அனுமதிக் கடிதம் இல்லை, மேடையும் இல்லை. ஆசிரியர் உட்காரும் தரையில்தான் மாணவரும் உட்கார வேண்டும்.

இந்தப் பக்கத்து மொட்டை மாடியை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் பகலில் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு குடம் தண்ணீரை ஊற்றினால் தளம் அதை உறிஞ்சும் சத்தம் காதில் விழும். ஆவி கிளம்பி, சுண்ணாம்பும் புழுதியும் கலந்த வாசம் எழும். பத்து நிமிடத்தில் ஈரம் காய்ந்துவிடும். அதன்பிறகு பாய் விரித்தாலும் அடியிலிருந்து சூடு ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஏழு மணிக்கு மேல் காற்று வரும். மின்சாரம் போனாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள், கீழே வீட்டுக்குள் புழுக்கம் இன்னும் மோசம். வற்றல் காயப்போடவும், கோடையில் படுத்துறங்கவும், துணி உலர்த்தவும் என்று கட்டிய தளம் அது. எந்தக் கட்டடக்காரரும் அதை எழுத்துக்கென்று கட்டியிருக்க மாட்டார்.

அப்படிப்பட்ட மாடியை மாணவர்களுக்குத் திறந்துவிட்டவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால் அந்த இடத்தின் அருமை இன்னும் விளங்கும். பெருமாள்முருகன் 1966இல் திருச்செங்கோட்டை அடுத்த கிராமத்தில் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு வாசனை அதிகம் இல்லாத வீடு. அப்பா திருச்செங்கோட்டில் சினிமா தியேட்டரில் சோடாக் கடை வைத்திருந்தார். சிறு வயதில் பெருமாள்முருகன் எழுதிய குழந்தைப் பாடல்கள் திருச்சி வானொலியில் ஒலிபரப்பாகின. எழுதியதைக் கேட்கத் தெருவில் ஆளில்லாத ஒரு பையனுக்கு முதலில் காது கொடுத்தது வானொலி நிலையம் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பின்னால் அந்தத் தியேட்டர் அவர் எழுதிய 'நிழல் முற்றம்' நாவலுக்குக் களம் ஆனது. சோடா விற்ற, முறுக்கு விற்ற பையன்களின் உலகம் அது. ஈரோட்டிலும் கோவையிலும் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆர். சண்முகசுந்தரத்தின் நாவல்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, சொந்த மாவட்டத்துக்கே ஆசிரியராகத் திரும்பி வந்தவர். வகுப்பில் தம் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அந்த மாடி என்ன செய்தது என்பதற்கு ஒரே ஒரு புத்தகத்தைச் சான்றாக வைத்தால் போதும். 2013இல் காலச்சுவடு வெளியிட்ட 'சாதியும் நானும்'. பெருமாள்முருகன் பதிப்பாசிரியர். கூடு வட்டத்தைச் சேர்ந்த 32 பேர், தங்கள் வாழ்க்கையில் சாதியை எப்படி எதிர்கொண்டார்கள் என்று எழுதிய கட்டுரைகள். எழுதியவர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் ஊர் அறியாதவர்கள்.

இந்தப் புத்தகத்தை வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்க முடியுமா? அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாதியைக் கற்றுக்கொடுக்கும் முதல் பள்ளிக்கூடம் வீடு. யார் வந்தால் எந்தத் தம்ளரை எடுக்க வேண்டும், யாரை எதுவரை உள்ளே விட வேண்டும், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று நடந்துகாட்டிச் சொல்லித்தருவது பெற்ற தாயும் பாட்டியும். அவமதித்த சாதியில் பிறந்த பையன் அதை எழுத வேண்டுமானால் தன் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். அவமானப்பட்ட சாதியில் பிறந்த பையன் அதை எழுத வேண்டுமானால், கொட்டாங்கச்சியில் காப்பி ஊற்றிக் கொடுத்ததைக் கைநீட்டி வாங்கிய தன் அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். இரண்டுமே வீட்டுக்குள் எழுத முடியாதவை. விடுதி அறையிலும் முடியாது. அங்கேயும் யார் யாரோடு தங்குவது என்பதைச் சாதி பார்த்துக்கொள்ளும்.

அதற்கு ஓர் இடம் வேண்டும். அங்கே இருவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் எழுந்துபோகாமல் இருக்க வேண்டும். "இதை எழுதலாமா?" என்று கேட்டால் "எழுது" என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். அந்த மூன்றும் கூடிய இடத்தில்தான் அந்த 32 கட்டுரைகளும் எழுதப்பட்டன. அம்பை என்ற பெயரில் தமிழில் எழுதும் சி.எஸ். லக்ஷ்மி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அந்தப் புத்தகம் 2018இல் வெளிவந்தது. கொட்டாங்கச்சியில் கொடுத்த கடுங்காப்பிதான் ஆங்கிலப் பதிப்பின் தலைப்பு. நாமக்கல் மாணவர்களின் வீட்டு வாசல் அனுபவம் உலகத்தில் எங்கோ ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இன்று அடுக்கில் இருக்கிறது.

எழுதுமிடம் என்றதும் நாம் மேசை, நாற்காலி, ஜன்னலோரம், புத்தக அலமாரி என்று யோசிக்கிறோம். அவை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் பெண் எழுத்தாளருக்கு ஆண்டுக்கு 500 பவுன் வருமானமும் பூட்டிக்கொள்ளக்கூடிய தனி அறையும் வேண்டும் என்று எழுதியது இன்றைக்கும் செல்லும். நம் ஊரில் கல்யாணமான பெண் எழுதினால் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில்தான் எழுதுகிறார். ஆனால் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு அறைக்கும் முந்தி ஒன்று தேவைப்படுகிறது. தான் எழுதுவது எழுத்துதான் என்று பிறர் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும். அதைக் கேட்டுவிட்ட பிள்ளை பிறகு தறிச் சத்தத்திலும் எழுதும், பஸ்ஸிலும் எழுதும்.

இந்தச் சமவெளி எழுத்துக்கு இடம் கொடுக்காத பூமி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். அங்கே கதை இலாகா என்றே ஒன்று இருந்தது. மாதச் சம்பளம் கொடுத்து எழுத்தாளரை உட்காரவைத்து எழுத வைத்தார்கள். 1950இல் வந்த 'மந்திரி குமாரி'க்கு வசனம் எழுதிய மு. கருணாநிதியும், கண்ணதாசனும் அங்கே பணிசெய்தவர்கள். 1952இல் வந்த 'வளையாபதி'க்குப் பாரதிதாசன் எழுதினார். சம்பளம் வந்தவரை அந்த எழுதுமிடம் இருந்தது. ஸ்டுடியோ போனது, இப்போது நிற்பது அதன் முகப்பு வளைவு மட்டும். 1888இல் மோகனூரில் பிறந்த கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை நாமக்கல்லில் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகி நூலகமாக நடக்கிறது. மகளிர் கல்லூரி ஒன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஊர் தன் கவிஞரை மறக்கவில்லை, அது நல்லதுதான். இருக்கிற எழுத்தாளரை ஊர் எப்படி நடத்தியது என்பது வேறு கதை.

2010இல் வெளிவந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் போராட்டம் கிளம்பியது. புத்தகத்தை எரித்தார்கள், கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். பணியிட மாறுதல் பெற்றுக் குடும்பத்தோடு சென்னைக்குப் போனார். பல ஆண்டுகள் பாடம் நடத்திய ஊரை, பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேசிய மாடியை விட்டுப் போக வேண்டிவந்தது. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு நாவல் பிடிக்காவிட்டால் மறுத்து எழுதலாம், படிக்காமல் விடலாம். எழுதுகிறவர் குடியிருக்க முடியாமல் செய்தது நம் மாவட்டத்தின் வரலாற்றில் எழுதப்பட்டுவிட்டது.

அந்த மௌன காலத்திலும் அவர் கவிதை எழுதினார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான அமர்வு, நாவலைத் தடைசெய்ய மறுத்தது. எழுத்தாளர் உயிர்த்தெழுந்து தனக்குக் கைவந்ததைச் செய்யட்டும், எழுதட்டும் என்ற பொருளில் தீர்ப்பை முடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தக் கவிதைகள் 'கோழையின் பாடல்கள்' என்ற தொகுப்பாக வந்தன. பின்னாளில் சேலம் மாவட்டம் ஆத்தூர் அரசு கலைக் கல்லூரிக்கு முதல்வராக வந்தார். 2023இல் அவருடைய 'ஆளண்டாப் பட்சி' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஜே.சி.பி. இலக்கியப் பரிசு கிடைத்தது. மாணவர்கள் அவரைப் பற்றித் தங்கள் நினைவுகளை எழுதி 'எங்கள் ஐயா' என்று ஒரு தொகுப்பே கொண்டுவந்தார்கள். ஆசிரியரைப் பற்றி மாணவர் பேசும் மேடைப் பேச்சு நமக்குப் பழக்கம். ஒரு புத்தகம் அளவுக்கு மாணவர்கள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பழக்கம் எங்கே தொற்றியது என்று சொல்ல வேண்டியதில்லை.

சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்று கலைக் கல்லூரிகள் நிறைய. தமிழாசிரியர்கள் பலர் சொந்த வீடு கட்டியிருக்கிறார்கள். மாடி காலியாகத்தான் கிடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுங்கள். நாலு பாயும் ஒரு பல்பும் ஒரு குடம் தண்ணீரும் இருந்தால் போதும். சிறப்பு விருந்தினரைத் தேட வேண்டாம், வருகிற பிள்ளைகளில் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள், மற்றவர்களைப் பேச விடுங்கள். பெண் பிள்ளைகளும் வந்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு சேரும்படி நேரத்தை மட்டும் முன்கூட்டியே வையுங்கள்.